பேச்சிராக்

என் பொறுப்பில் மூன்று கிராமங்கள்.
இரண்டில் ஆட்கள் இருக்கிறார்கள்;
சாதிச் சான்று கேட்கிறார்கள், பட்டா மாற்றக் கேட்கிறார்கள்,
மதியச் சோற்றில் கைவைக்கும்போது போன் செய்கிறார்கள்.
மூன்றாவது நேரலஅள்ளி.
பதிவேட்டில் முந்நூற்றுப் பதினோரு ஏக்கர்,
குடிக்கணக்கில் ஒரு சுழி.
பழைய சர்க்கார் ஏட்டில் பெயருக்குப் பக்கத்தில்
சிவப்பு மையில் ஒரு சொல்: பேச்சிராக்.
விளக்கில்லாதது என்று பொருளாம், பார்சியில்.
நான் இரண்டு வருஷம் அதை
பேச்சு இரா என்றுதான் பிரித்துப் படித்தேன்.
எப்படிப் படித்தாலும் சுழிதான்.

நேரல என்றால் நாவல். ஒரு நாவல் மரம்கூட இல்லை.
ஏரி இருக்கிறது, உடைந்து;
தூம்புக்கல்லைக் காணோம்.
அது பக்கத்து ஊர் ஏரியில தண்ணி விடுது மேடம்,
என்பான் தலையாரி திம்மராயன்.

மார்கழியில் தில்லைநாயகி வந்தார்,
நான்கு மாணவர், ஒரு கூடாரம், நிறையக் கயிறு.
மண்வெட்டியைத் தொடுமுன் என்னைச்
சாயங்காலம் ஐந்தரைக்குப் பாறைமேல் ஏற்றி
கொள்ளுக்காட்டைப் பாருங்கள் என்றார்.
பச்சைக்குள் மஞ்சள் கோடுகள், நேராக, மூலை மடங்கி.
கீழே சுவரிருந்தால் வேர் இறங்காது, பயிர் வெளுக்கும்;
குப்பைக்குழி இருந்தால் கருத்துத் தழைக்கும்.
ஒரு தெரு. அதை வெட்டி இன்னொன்று.
கோயில்தானே என்று நான் காட்டிய சதுரம்
மாட்டுக்கொட்டில் என்று பிறகு தெரிந்தது.
என் வரைபடத்தில் இல்லாத ஊரைக்
கொள்ளு அளந்து வைத்திருந்தது,
சங்கிலி பிடிக்க ஆளில்லாமல்.

அறுவடை முடிந்து தோண்டினார்கள்.
ஒன்றரை முழத்தில் சாம்பல்.
மூன்று அடுப்புக்கல், ஒன்று மட்டும் உள்ளே சாய்ந்து.
அம்மியை யாரோ கவிழ்த்து வைத்திருந்தார்கள்.
திரும்பி வர்றவங்கதான் கவுத்து வைப்பாங்க,
என்றாள் மண் அள்ளிய சாக்கம்மா.
தில்லைநாயகி அதை எழுதவில்லை;
அம்மி, தலைகீழ், வடகிழக்கு மூலை, என்று மட்டும்.
எதனால் போனார்கள்? படையா, பஞ்சமா, பேதியா?
ஒரே நாளில் போகவில்லை, என்றார்.
அதற்குமேல் ஒரு சொல் வாங்க முடியவில்லை.
கிளம்பும் அன்று தானாகவே சொன்னார்:
கடைசி வீட்டில்
தரையை மூன்று தடவை மெழுகிப் புதுப்பித்திருக்கிறார்கள்,
மற்ற வீடெல்லாம் இடிந்த பிறகு.

வேம்படியில் ஒரு நடுகல்.
வில்லும் குறுவாளுமாய் ஒருத்தன், காலருகே இரண்டு மாடு.
தொறு மீட்டுப் பட்டான் என்பது தெளிவாக நிற்கிறது.
யார் என்று சொல்லும் வரியில்
ஆடு மேய்ப்பவர்கள் அரிவாள் தீட்டித் தீட்டி
வழவழவென்று ஒரு பள்ளம்.

சித்திரையில் கோப்பு வந்தது.
கருங்கல் குவாரி, பதினான்கு ஏக்கர்.
பொதுவிடத்தில் அறிவிப்பு ஒட்டவும்;
தண்டோரா போடவும்;
குடிமக்களுக்கு ஆட்சேபணை இருப்பின் முப்பது நாட்களுக்குள்.
எது பொதுவிடம் என்று
பர்கூர் தாசில்தாரிடம் கேட்கப் பயம்.
திம்மராயன் வற்றிய ஏரிக்குள் நின்று
விதிப்படி மூன்று முறை தமுக்கடித்தான்.
பாறை ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னது,
காதில் சரியாக விழாதவரைப் போல.
பசைவாளியோடு சுற்றிச் சுற்றி வந்து
நடுகல்லின் முதுகில் ஒட்டினேன்.
முகத்தில் ஒட்ட மனசு வரவில்லை.
ஆதாரத்துக்குப் போட்டோ வேண்டும்; இருட்டிவிட்டது.
ஃபிளாஷ் வெட்டியது.
அது விளக்குக் கணக்கில் சேராது.

இருபத்தாறாம் நாள் மூன்று பேர் வந்தார்கள்,
பக்கத்து ஊர்.
நேரலஅள்ளியார் வகையறா என்றார்கள்,
கல்யாணப் பத்திரிகையில் இன்றும் அப்படித்தான் போடுவார்களாம்.
நான் பேனாவைத் திறந்தேன்.
ஆட்சேபணையெல்லாம் இல்லீங்க மேடம்.
கிரஷர்ல எங்க பசங்களுக்கு வேலை போட்டுத் தருவாங்களா?

படிவத்தில் ஒரு கட்டம் காலி:
வரப்பெற்ற ஆட்சேபணைகளின் எண்ணிக்கை.
சுழி போட்டுப் பழகிய கை.
மெழுகியவள் ஒருத்தியா, மூன்று பேரா,
அதையும் நான் கேட்டுக்கொள்ளவில்லை.
இன்னும் நாலு நாள் இருக்கிறது.